கிழக்குச் சன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்துச் சன்னல் பலகமும் விளக்குக் குடையும் செய்யக் கற்க விரும்புகிறவர்கள், பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த நீலம் எங்கீங்க கெடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பது வழக்கம். அந்தப் பலகம் எந்தத் திசைச் சன்னலில் நிற்கப்போகிறது? அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்கும் கண்ணாடி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், பொருத்திய பிறகு கண்ணைக் கூசச் செய்யும். இல்லாவிட்டால் கறுத்துப்போய் நிற்கும். சுவரில் அடித்த சாயத்தின் நிறத்தைச் சுவரிலேயே காணலாம். கண்ணாடியின் நிறமோ அதன் வழியே வரும் ஒளியும் சேர்ந்தால்தான் உண்டாகிறது. ஆகவே கொங்கு நாட்டில் இந்தக் கைவேலையைச் செய்கிறவர்கள் முதலில் நம் வெயிலைப் படித்துக்கொண்டு, அதன் பிறகே கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கலையைக் கற்பிக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. இலண்டன் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 51.5 பாகையில் இருக்கிறது. மார்கழி மாதத்தில் அங்கே நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 15 பாகை அளவுக்கே உயர்கிறது. கோயம்புத்தூர் 11 பாகையில் இருப்பதால், அதே நாளில் இங்கே நண்பகல் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் அது நம் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கிறது. வடக்குச் சன்னலில் நேர்வெயில் படாது, அங்கே எப்போதும் ஒரே சீரான ஒளி இருக்கும் என்று அந்தக் கையேடுகள் சொல்வது நம் ஊருக்குப் பொருந்தாது. வைகாசியிலும் ஆனியிலும் காலை வெயிலும் மாலை வெயிலும் வடக்குச் சன்னலைச் சாய்வாகத் தொடும். மாறாக, வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால், சன்ஷேடு வைத்த எந்தச் சன்னலுக்குள்ளும் அது நேராக நுழைவதில்லை. தெற்குச் சன்னல் ஐப்பசி முதல் தை வரையில்தான் வெயிலைக் காண்கிறது. எனவே நம் வீடுகளில் கண்ணாடிப் பலகத்துக்குள் நேரே பாயும் வெயில் என்பது பெரும்பாலும் கிழக்கில் காலை வெயிலும் மேற்கில் மாலை வெயிலும்தான்; மற்ற நேரங்களில் அதற்குக் கிடைப்பது தரையிலும் எதிர்ச்சுவரிலும் மரங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளியே.

திரும்பி வரும் அந்த ஒளிக்கும் நிறம் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டில் சன்னலுக்கு வரும் ஒளி பச்சை கலந்தது. சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றை விழுங்கிக்கொள்ளும் தன்மையுடையது; வந்து சேரும் ஒளியில் சிவப்பு குறைவாக இருந்தால் அந்தக் கண்ணாடி கறுத்துத்தான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இளஞ்சிவப்புத் தாமரை வேண்டும் என்று கேட்டவர்களிடம், அதை மாடி முகப்புக்கு மாற்றிக்கொள்ளுமாறும், தோப்பைப் பார்த்த சன்னலுக்கு மஞ்சளும் நீலமும் வெள்ளையும் வைத்துக்கொள்ளுமாறும் சொல்லியிருக்கிறேன். ஈரோட்டிலும் திருப்பூரிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் எதிர்வீட்டுச் சுவரின் வண்ணமே நம் பலகத்தின் பின்புலம் ஆகிவிடுகிறது. அந்தச் சுவரை அவர்கள் அடுத்த பொங்கலுக்கு வேறு வண்ணம் அடிக்கக்கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் கண்ணாடியின் வகை முக்கியமாகிறது. கைவேலைக்கு வரும் வண்ணக் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தடிமன் உடையவை. அவற்றில் ஊடே தெளிவாகத் தெரியும் ஒற்றை நிறத் தகட்டைக் கதீட்ரல் கண்ணாடி என்றும், பால் கலந்தது போல மங்கி ஒளியைத் தனக்குள் பரப்பிக்கொள்ளும் தகட்டை ஓபலசென்ட் அல்லது ஓபல் கண்ணாடி என்றும் இந்தத் தொழிலில் சொல்கிறோம். ஓபல் கண்ணாடியைச் சன்னல் வேலைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். ஜான் லா ஃபார்ஜ் 1880லும், லூயி கம்ஃபர்ட் டிஃபனி 1881லும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கண்ணாடிக்குள் நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்தப் பால்தன்மை உண்டாகிறது. கதீட்ரல் கண்ணாடி வழியே வரும் காலை வெயில் தரையில் நிறத்தை அப்படியே வீழ்த்தும்; ஓபல் அவ்வாறு வீழ்த்தாமல் தானே ஒளிர்ந்து நிற்கும். கதீட்ரல், பின்னால் இருக்கும் மின்கம்பியையும் தண்ணீர்த் தொட்டியையும் நிறம் பூசிக் காட்டும், ஓபல் மறைத்துவிடும். இரவில் வீட்டுக்குள் விளக்கு எரியும்போது கதீட்ரல் கண்ணாடி உள்ளிருந்து பார்ப்பவர்களுக்குக் கறுப்பாகத் தெரியும். ஓபலோ விளக்கொளியில் தன் மேற்பரப்பின் நிறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். நடுத்தர வீட்டில் குடும்பம் ஒன்றாகக் கூடி உட்காரும் நேரம் இரவுதான் என்பதால், கூடத்துச் சன்னலுக்கு நான் ஓபலையே பெரிதும் பரிந்துரைக்கிறேன். விளக்குக் குடைக்கு ஓபலைத் தவிர வேறொன்றை நினைக்கவே வேண்டாம். கதீட்ரலில் செய்தால் உள்ளிருக்கும் பல்பு கண்ணைக் குத்தும்.

தகட்டின் பெயர்கள் இவ்விரண்டோடு முடிவதில்லை. காற்றுக்குமிழ் நிறைந்தவை, சுத்தியலால் தட்டியது போன்ற பரப்புடையவை, அலையோடிய நீர்ப்பரப்பு போன்றவை, இரண்டு மூன்று நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுபவை, வாயால் ஊதி உருளையாக்கிப் பிளந்து விரித்தவை என்று பல உண்டு. சன்னலுக்கு நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கண்ணாடி, 1959இல் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்த முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. அது மிகச் சமமாக இருப்பதாலேயே ஒளிக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை. உருட்டியும் ஊதியும் செய்த கண்ணாடியில் தடிமன் இடத்துக்கு இடம் சற்று மாறுவதால், நாம் நடக்கும்போது அதில் ஒளியும் நகர்கிறது. வண்ணக் கண்ணாடி வேலையின் உயிர் அந்த அசைவில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வெளிநாட்டுத் தகடுகள் நம் பக்கத்துக் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. உள்ளூர்க் கண்ணாடிக் கடைகளில் பச்சை, நீலம், பழுப்பு, சாம்பல் நிறங்களில் வெயில் தடுக்கும் கண்ணாடியும், பின்ஹெட் போன்ற புடைப்புக் கண்ணாடியும் கிடைக்கும். தொடக்கப் பயிற்சிக்கு அவை போதும். ஆனால் பளிச்சென்ற சிவப்பையோ ஆரஞ்சையோ மலிவு விலையில் காட்டினால், "அண்ணா, இது கலர் அடிச்சதுங்களா, கண்ணாடியே கலருங்களா?" என்று தயங்காமல் கேட்க வேண்டும். வெள்ளைக் கண்ணாடியின் மேல் சாயமோ ஒட்டுத்தாளோ ஏற்றியவை கொங்கு வெயிலில் வெளுக்கும், ஓரத்தில் உரியும், ஈயம் பற்றவைக்கும் சூட்டில் கருகும். ஓரத்தை மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். உருக்கும்போதே நிறம் சேர்க்கப்பட்ட கண்ணாடியில் வெட்டு முகம் முழுவதும் நிறம் இருக்கும். பூசியதில் ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய கோடாக இருக்கும், பிளேடால் சுரண்டினால் வந்துவிடும். கடினப்படுத்திய கண்ணாடியை, அதாவது டஃபன் செய்ததை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம். அதை வெட்ட முயன்றால் முழுத் தகடும் பொடிப்பொடியாக உதிரும்.

இந்த ஓரச் சோதனைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு; அது எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு. நம் பக்கத்துப் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் சிலவற்றிலும், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய ஊர்ப்புறத்துப் பங்களாக்களிலும், நிலைக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணாடி பதித்திருப்பார்கள். வீட்டை இடிக்கும்போது அந்தக் கண்ணாடிகள் பழைய கதவு சன்னல் விற்கும் கடைக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் சிவப்பின் உடைந்த ஓரத்தைப் பார்த்தால், நிறமற்ற தடித்த கண்ணாடியின் மேல் மயிரிழை போலச் சிவப்பு ஓர் அடுக்காகப் படிந்திருப்பதைச் சில நேரங்களில் காணலாம். அது பூச்சு அன்று, சுரண்டினால் வராது. செம்பினால் சிவப்பேற்றிய கண்ணாடி மிக அடர்த்தியான நிறமுடையது. தகடு முழுவதையும் அதிலேயே செய்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் ஐரோப்பியக் கண்ணாடிக்காரர்கள் இடைக்காலத்திலேயே, உருகிய நிறமற்ற கண்ணாடி மேல் சிவப்புக் கண்ணாடியை மெல்லிதாக ஏற்றி ஊதும் வழியைக் கண்டுகொண்டார்கள். அப்படிப்பட்ட துண்டு கிடைத்தால் விடாமல் வாங்கிவிடுங்கள். பழைய கண்ணாடியின் மேல் படிந்த புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நன்றாகக் கழுவிய பிறகே வெட்டுக்கோடு போட வேண்டும். அழுக்கின் மேல் வெட்டும் கருவியின் சக்கரம் தாவித் தாவி ஓடும்.

நிறங்களின் விலை ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கும் காரணம் உலோகங்கள்தான். கோபால்ட் மிகச் சிறிதளவு சேர்ந்தாலே ஆழ்ந்த நீலம் வரும். இரும்பும் குரோமியமும் பச்சையைத் தரும். மாங்கனீசு ஊதாவைத் தரும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குக் காட்மியமும் செலீனியமும் வேண்டும். ரோஜா நிற இளஞ்சிவப்புக்கு உண்மையிலேயே தங்கம் சேர்க்கிறார்கள். அதனால் அந்தத் தகடு விலை கூடுதலாகவே இருக்கும். ஊட்டியில் 1831இல் திறக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் சன்னல்களைப் பார்க்கிறவர்கள், முகமும் உடை மடிப்பும் கண்ணாடித் துண்டுகளால் ஆனவை என்று எண்ணிவிடக்கூடாது. அத்தகைய தேவாலயச் சன்னல்களில் நிறம் கண்ணாடியில் இருக்கும். முகத்தின் கோடுகளோ கண்ணாடித் தூளும் உலோக ஆக்சைடும் கலந்த மையால் தீட்டி, சூளையில் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டுப் பதிக்கப்பட்டவை. சூளை இல்லாத நாம் கோடுகளை ஈயத்தாலேயே வரைய வேண்டும் என்பதை உருவம் தேர்ந்தெடுக்கும்போதே ஏற்றுக்கொள்வது நல்லது.

காங்கயத்துக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் கிழக்குச் சன்னலுக்குக் காங்கயம் காளை ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார்கள். கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தப் பலகத்தைத்தான் விவரித்துச் சொல்வது வழக்கம். வீட்டுப் பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது நிறத்தைப் பற்றித்தான்: "செவலை வேண்டாமுங்க அம்மிணி, மயிலையா இருக்கோணும். திமிலும் கழுத்தும் கருக்கலா வரோணுமுங்க, ஒடம்பு பூராக் கருப்பாக்கிப் போடாதீங்க." காங்கயம் கன்றுகள் செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் மயிலை எனப்படும் சாம்பல் நிறத்துக்கு மாறுகின்றன, வளர்ந்த காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்தொடை ஆகிய இடங்களில் கருமை படர்ந்திருக்கும். ஒற்றைச் சாம்பல் நிறக் கதீட்ரல் தகட்டில் அதை வெட்டினால் அது எந்த மாடாகவும் இருக்கலாம், காங்கயம் காளையாக இருக்காது. எனவே வெள்ளை ஓபலில் சாம்பலும் கருமையும் புகையாக ஓடும் தகடு ஒன்றைத் தேர்ந்தேன். திமிலுக்குரிய வடிவத்தைத் தகட்டில் மிகக் கருத்த பகுதியின் மேல் வைத்தும், விலாவுக்குரியதை வெளுத்த பகுதியின் மேல் வைத்தும், புகையோட்டம் முதுகின் வளைவைத் தொடர்ந்து செல்லுமாறு ஒவ்வொரு வடிவக் காகிதத் துண்டிலும் அம்புக்குறி இட்டும் வெட்டினேன். பலகத்தின் பரப்பைவிட 25 முதல் 30 விழுக்காடு கூடுதலாகக் கண்ணாடி வாங்கினால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இப்படி இடம் பார்த்து, ஓட்டம் பார்த்து வெட்டும் வேலைக்கு அது போதாது. ஏறத்தாழ இரு மடங்கு வேண்டியிருக்கும்.

கொம்பு தனிப் பாடு. காங்கயம் காளையின் கொம்புகள் வெளிப்புறம் விரிந்து, பின்னோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தேடுவது போல நெருங்கி வரும். கண்ணாடி நேர்கோட்டில் விரும்பிப் பிளக்கும், குவிந்த வளைவில் சொன்னபடி கேட்கும், உட்குழிந்த வளைவில் மட்டும் முரண்டு பிடிக்கும். கொம்பின் உள்விளிம்பும், கொம்புக்கு வெளியே சுற்றி நிற்கும் பின்புலமும் உட்குழிந்த வளைவுகள். ஆகவே பின்புலத்தைக் கொம்பின் வெளிவளைவிலிருந்து கதிர் போல விரியும் கோடுகளால் பல துண்டுகளாகப் பிரித்தேன். கொம்பு ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாக்கி, நுனியை மெலிந்த முள்ளாக விடாமல் சற்று மழுங்கலாக முடித்தேன். மெலிந்த கண்ணாடி நுனி வெட்டும்போது தப்பினாலும் ஈயம் பற்றவைக்கும் சூட்டில் விரிசல் விட்டுவிடும். சிக்குக்கோலத்தைக் கண்ணாடியில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான் வரும். கோலத்தின் கம்பி அப்படியே ஈயக்கோடாக மாறும் என்று பார்க்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுழியும் ஒரு பக்கத்துத் துண்டுக்குக் குவிவு என்றால் மறுபக்கத்துத் துண்டுக்குக் குழிவு. குழிந்த துண்டுகளை உடைக்கத் துணைக்கோடுகள் போட்டால்தான் கோலம் கண்ணாடியாகும். அந்தத் துணைக்கோடுகளைப் புள்ளிகளின் வழியே செலுத்தினால் கோலத்தின் அழகு கெடாமல் இருக்கும்.

அந்தச் சன்னலுக்கு வெளியே இருந்தது கிளுவை வேலி அடைத்த கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும் உள்ள மேய்ச்சல் நிலம். அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. காளையை மட்டும் ஓபலில் செய்து, பின்புலம் முழுவதையும் நிறம் மிகக் குறைந்த, அலையோடிய ஊடுருவும் கண்ணாடியில் வைத்தேன். கோடையில் புல் காய்ந்து பொன்னிறமாக இருக்கும்போது காளை பொன்னிற வெளியில் நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு பச்சை வெளியில் நிற்கிறது. அலையோடிய பரப்பைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் காலை வெயில். வழுவழுப்பான நிறமற்ற கண்ணாடி வழியே தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணில் பட்டால், பக்கத்தில் இருக்கும் ஓபலின் மென்மையான சாயல்கள் எதுவும் தெரியாது. அலைப்பரப்பு அந்த ஒளியை உடைத்துச் சிறு சிறு மினுக்கங்களாக்கிவிடுகிறது.

தகட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மேசை மேல் படுக்க வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலை நேராகப் பார்க்காமல் வெளிச்சமான வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் துண்டு மாதிரிகளை வாங்கிவந்து, பொருத்தப்போகும் சன்னலிலேயே ஒட்டிவைத்து, காலை, நண்பகல், அந்தி என மூன்று நேரமும் பார்க்க வேண்டும். அந்தியில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் மங்கும், நீலம் நெடுநேரம் நிற்கும். சிவப்பும் நீலமும் பகலில் சமமாகத் தெரிகிற பலகத்தில் மாலையில் நீலமே ஓங்கிவிடுவது இதனால்தான். ஆனைமலை ஓரத்து ஊர்களில் மேற்கே மலை நிற்பதால் வெயில் முன்னதாகவே மறைந்து அந்தியொளி நீண்டிருக்கும். அங்கே இது கூடுதலாகத் தெரியும். நீலத்தின் பரப்பைக் குறைத்தோ, அதைச் சுற்றித் தடித்த ஈயக்கோடு வைத்தோ சமன்செய்யலாம்.

வெட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது கண்ணால் பார்த்துக் கையால் பழக வேண்டியது. வெட்டும் சக்கரம் கண்ணாடியை அறுப்பதில்லை; மேற்பரப்பில் ஒரு நுண்ணிய விரிசலைத் தொடங்கி வைக்கிறது, நாம் வளைத்து அழுத்தும்போது அந்த விரிசல் கீழே இறங்குகிறது. ஆகவே ஒரு கோட்டின் மேல் இரண்டாம் முறை சக்கரத்தை ஓட்டக்கூடாது. மண்ணெண்ணெயிலோ வெட்டு எண்ணெயிலோ தோய்ந்த சக்கரம் ஒரே சீராக மெல்லக் கீறும் ஒலியுடன் ஓட வேண்டும். கோட்டில் வெள்ளைத் தூள் கிளம்பினால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். கோடு போட்டவுடன் தாமதிக்காமல் பிளக்க வேண்டும். புடைப்புள்ள தகட்டில் வழுவழுப்பான முகத்தில்தான் கோடு போட முடியும். அதற்கு வடிவக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு ஓபல்கள் பிளப்பதற்குக் கடினமாக இருக்கக்கூடும் என்பதால், முதல் பலகத்துக்கு அந்த நிறங்களைச் சிறு நேர்கோட்டுத் துண்டுகளாக வைத்துக்கொள்வது நலம்.

சிறு துண்டுகளும் வளைவுகளும் நிறைந்த வேலைக்குச் செம்பு நாடா முறையே ஏற்றது. ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தேய்த்துச் சமமாக்கி, பசையுள்ள மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி அழுத்தி, துண்டுகளை அடுக்கி, மேலே சால்டரை, அதாவது பற்றவைக்கும் ஈயக் கலவையை, உருக்கி ஓட்டுவது அந்த முறை. பெரிய நேர்கோட்டுத் துண்டுகளுக்கு எச் வடிவக் காரீயப் பட்டை போதும். காளையை நாடாவிலும், பின்புலத்தின் ஓரங்களைக் காரீயப் பட்டையிலும் செய்தேன். இரண்டையும் கலப்பதில் தவறில்லை. ஊடுருவும் கண்ணாடிக்கு நாடா வாங்கும்போது அதன் உள்முக நிறத்தைக் கவனிக்க வேண்டும். பின்னர் கோட்டைக் கறுப்பாக்கப்போகிறோம் என்றால் உள்முகம் கறுப்பாக உள்ள நாடா வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் ஓரத்துக்குள் செம்பு மின்னிக்கொண்டிருக்கும். சால்டரில் வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் உள்ளதே இந்த வேலைக்குத் தக்கது. அது 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, அதற்குச் சில டிகிரி மேலேயே முழுவதும் உருகிவிடுவதால், கோடு விரைவில் இறுகி உருண்டு நிற்கும். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும், நடுவில் ரோசின் என்னும் பிசின் வைத்த கம்பி இதற்கு ஆகாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் நமக்கும் உதவுகிறது. சூடான பற்றவைக்கும் கோலின் முனையை நவச்சாரக் கட்டியில் தேய்த்தால் கரி நீங்கி முனை பளபளக்கும். அதன் புகையை நுகராமல், சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

காரீயம் நஞ்சு என்பதை நான் கற்பிக்கும் எவரிடமும் மீண்டும் மீண்டும் சொல்கிறேன். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஈயத்தையும் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. வேலை மேசையில் தேநீர்க் குவளை இருக்கக்கூடாது. கையைச் சோப்பால் கழுவாமல் எதையும் உண்ணக்கூடாது. வேலை உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. கருவுற்றிருப்பவர்களும் சிறு பிள்ளைகளும் இந்த மேசைக்கு அருகில் வரவே வேண்டாம். காதணி, பதக்கம் போல உடலில் அணியும் பொருள்களைச் செய்கிறவர்கள் காரீயம் கலக்காத சால்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். கண்ணாடியைத் தேய்க்கும் சிறு இயந்திரத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், கண்ணாடித் தூள் காற்றில் பறக்கவே கூடாது.

பொருத்துவதில் நம் ஊருக்கென்று இரண்டு பகைகள் உண்டு: மேற்கு வெயிலும் ஆடிக் காற்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் எவ்வளவு விசையோடு அடிக்கும் என்பதற்கு அங்கே நிற்கும் காற்றாலைகளே சான்று. காரீயம் மென்மையான உலோகம். அகன்ற பலகம் காற்றின் அழுத்தத்தாலும் வெயிலின் சூட்டாலும் மெல்ல வயிறு தள்ளத் தொடங்கும். வரையும்போதே, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே நேர்கோடாக ஓடும் ஈயக்கோடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டில் பலகம் கீல் வைத்தது போல மடங்கும். பெரிய பலகத்துக்குக் குறுக்கே மெல்லிய இரும்புக் கம்பி கொடுத்துச் செம்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். அடர்நிறக் கண்ணாடி வெயிலை உள்வாங்கிச் சூடேறும். சன்ஷேடின் நிழல் அதன் குறுக்கே விழுந்து ஒரு பாதி சூடாகவும் மறு பாதி குளிர்ந்தும் இருந்தால் விரிசல் விடக்கூடும். மேற்குச் சன்னலில் பெரிய அடர்நீலத் துண்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அதே நீலத்தைச் சிறு துண்டுகளாக்கினால் அந்த அபாயம் குறைந்துவிடும்.

காங்கயத்து வீட்டில் ஆசாரியிடம் சொல்லி, வெளிப்பக்கத்தில் சாதாரணக் கண்ணாடி ஒன்றை முதலில் பொருத்தி, ஓர் அங்குல இடைவெளி விட்டு, உள்பக்கத்தில் காளைப் பலகத்தைப் பட்டியல் என்னும் மெல்லிய தேக்குச் சட்டத்தால் நிறுத்தினோம். காற்றையும் மழையையும் வெளிக்கண்ணாடி ஏற்றுக்கொள்கிறது. இடைவெளியில் ஈரமும் சூடும் அடைபடாமல் இருக்கச் சட்டத்தின் மேலும் கீழும் சிறு துளைகள் வைத்தோம். பட்டியலை ஆணியால் அறையாமல் திருகாணியால் முடுக்கியதால், வெளிக்கண்ணாடி எப்போதாவது உடைந்தாலும் பலகத்தைச் சேதமின்றிக் கழற்ற முடியும். துடைப்பதற்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமோ வினிகரோ வேண்டாம், அவை ஈயக்கோட்டின் கறுப்பை அரித்துவிடும். பிழிந்தெடுத்த ஈரப் பருத்தித் துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கோடுகளின் மேல் மெழுகு தடவினால் போதும் என்று வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.